துப்பாக்கித் தெரிவு உபகுழு

மனிதகுலம் இதுவரை எடுத்த முடிவுகளில் மகத்தானது எது என்று கேட்டால், நெருப்பைச் சொல்வார்கள், சக்கரத்தைச் சொல்வார்கள். அவர்கள் ஹட்டனுக்கு வந்ததில்லை. அங்கே 'மத்திய மலைநாட்டுக் குறிபார்த்துச் சுடும் கழகம்' ஒரேயொரு துப்பாக்கியையும் அதன் தலையில் வைக்க ஒரேயொரு தொலைநோக்கியையும் தெரிவு செய்த வரலாற்றை அறிந்தவர்கள், அதற்குப் பிறகு சக்கரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நம்மவர்கள் ஒரு கல்யாணத்தை ஜாதகம் பார்த்து ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள். கழகம் துப்பாக்கிக்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று: பெண்ணைக் கேட்கவில்லை.

பெண்ணின் பெயர் ஜீவராணி. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அடக்கம் அவளுக்குப் பிறவியிலேயே ஒத்துக்கொள்ளாத பண்டம். சித்திரை சீசனுக்கு நுவரெலியா போனவள், களியாட்ட மைதானத்தில் பலூன் சுடும் கடை முன்னால் நின்று, காற்றுத் துப்பாக்கியை வாங்கிப் பலகையிலிருந்த பலூன்களை ஒரு வரிசை விடாமல் வெடிக்கவைத்தாள். பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் பேசின்கள் வேனில் ஏறாத அளவுக்குச் சேர்ந்துவிட்டன. "போதும் நங்கி, தங்கச்சி, எனக்கும் புள்ளைங்க இருக்கி" என்று கடைக்காரச் சிங்களவர் அரைகுறைத் தமிழில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு ஊரார் போன்களிலெல்லாம் பரவியது. பரவிய வேகத்தில் கழகம் பிறந்தது. ஒரு திறமையைக் கண்டால் உடனே அதைச் சுற்றி ஒரு குழு அமைத்துவிடுவது நம் சமுதாயத்தின் சிறப்பு. இல்லாவிட்டால் திறமை தப்பித்து ஓடிவிடும் அல்லவா?

தலைவராக சின்னராசா தெரிவானார். ஓய்வுபெற்ற டீமேக்கர், ஆறடி உயரம், தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் எல்லோரையும் அதட்டிய குரல். பொருளாளர் விஜிதரன், போன் கடை முதலாளி; துப்பாக்கி பற்றிய வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தவர். செயலாளர் சிவராசா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஹட்டனில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர். அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. இளமையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடிய அனுபவம் மட்டும் ஏராளம். ஆனால் அவருடைய கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். குறி தவறினால் மன்னிக்கலாம், கூட்டக்குறிப்பு தவறலாமா?

கழகத்தின் நோக்கம் எளிமையானது. டிசம்பரில் கொழும்பில் கழகங்களுக்கிடையிலான போட்டி. ஐம்பது மீட்டர் தூரம், சிறுரகத் துப்பாக்கி, தொலைநோக்கி பொருத்தலாம். முன்னுக்கு வருகிறவர்களைப் பெரிய கம்பனியொன்று தன் விளையாட்டு அணியில் வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். ஜீவராணிக்கு ஜனவரியில் முப்பது.

"இந்த ஒரு தடவதாங்க எனக்கு. கெடைச்சா கொழும்பு. கெடைக்காட்டி சாவுற வரைக்கும் ஊரான் புள்ளைக்கு மூக்கு தொடைக்கணும்" என்றாள்.

அவசரத்தை உணர்ந்த கழகம் உடனடியாக ஓர் உபகுழுவை அமைத்தது. கழகத்திலிருந்த அதே மூவரே உபகுழுவிலும் இருந்ததால் கருத்தொற்றுமை நிலவியது.

விஜிதரனின் கடை மாடியில் நடந்த முதற்கூட்டத்தில் விஜிதரன் விளக்கவுரை ஆற்றினார். "இது 'ரிம்ஃபயர்'ங்க. தோட்டாவோட அடி விளிம்புல ஊசி தட்டும், வெடிக்கும். அடுத்த தோட்டாவுக்கு போல்ட்ட நம்மளே கையால தூக்கி இழுத்துத் தள்ளணும். தானா ஏறாது. அதனாலதான் துல்லியம்."

"தோட்டத்துக்குத் தோட்டா வந்திரிச்சு!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். இது நகைச்சுவை என்று தீர்மானிக்கப்பட்டு அனைவரும் சிரித்தார்கள்.

சிவராசா தொண்டையைச் செருமினார். "துவக்கு மட்டும் வாங்கிப் போதாது. ரவையும் வாங்க வேணும்."

"ரவ எதுக்குங்க, கூட்டத்துக்கு உப்புமாவா?"

"ரவை எண்டா தோட்டா, தலைவர்."

யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். தமிழில் துவக்கு என்றால் ஆரம்பி என்றும் பொருள். உபகுழு இரண்டாவது பொருளை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை.

வைகாசி முழுவதும் குழலைப் பற்றியே பேச்சு. மெல்லிய குழலா, கனத்த குழலா? கனத்த குழல் அசையாது, சூட்டில் வளையாது என்றார் விஜிதரன். ஹட்டனில் சூடு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆனி மாதம் பின்கட்டைக்குப் போனது. தலைவருக்கு வால்நட் மரம் வேண்டும், "மரம்னா மூச்சு விடும்." விஜிதரனுக்குச் செயற்கைக் கட்டை வேண்டும், "மூச்சு விடுற மரம் நம்ம ஊரு ஈரத்துல வீங்கும்." தலைவர், தாமும் இந்த ஈரத்தில்தான் எழுபது வருடமாக மூச்சு விடுவதாகவும், வீங்கவில்லை என்றும் சுட்டிக்காட்டினார். விஜிதரன் அவருடைய வயிற்றைப் பார்த்தார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

ஆடியில் தொலைநோக்கி. இதில்தான் சிவராசா விழுந்தார். அதுவரை எழுதிக்கொண்டு மட்டும் இருந்த மனிதர், ஒருநாள் ஏதோ தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு வீடியோவைத் திறந்தார். அப்புறம் சாப்பாடு ஆறியது, மனைவி கேதீஸ்வரி கேட்ட கேள்விகள் அந்தரத்தில் தொங்கின. எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும், குறுக்குக்கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், ஐம்பது மீட்டருக்குக் கண்ணை அசைத்தாலும் புள்ளி அசையாமலிருக்க எந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் தூக்கத்திலும் பேசினார்.

"என்னப்பா, ஆரோடை சண்டைக்குப் போறியள்?" என்றாள் கேதீஸ்வரி.

"உனக்கு விளங்காது. இது துல்லியம்."

விஜிதரன் யாரிடமோ இரவல் வாங்கிவந்த இருபத்துநாலு மடங்குத் தொலைநோக்கியை ஒரு மாலை மூவரும் மாடி ஜன்னலில் வைத்துப் பரீட்சித்தார்கள். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தலைவர் ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார்.

"என்னங்க தெரியுது?"

"மூட்டம்."

"எப்படித் தெரியுது?"

"ரொம்பத் தெளிவா. இவ்வளவு பெரிய மூட்டத்த நான் பாத்ததே இல்ல."

இருபத்துநாலு மடங்கு ஏகமனதாக நிறைவேறியது.

ஜீவராணியை ஒரேயொரு கூட்டத்துக்கு அழைத்தார்கள், அதுவும் 'பயனாளி' என்ற முறையில். அவள் பிள்ளைக்காம்பராவில் பாதி நாள் லீவு போட்டு பஸ் ஏறி வந்தாள். குடிக்க ஒரு பிளேன்டியும் தின்ன ஒரு பணிஸும் கொடுத்தார்கள்.

"நல்லாப் பளபளன்னு வாங்குங்க, எனக்கு வேணாங்கல" என்றாள். "ஆனா வாங்க முந்தி ஒருக்கா நான் தூக்கிப் பாக்கணும். தோள்ல பொருந்துதா, கண்ணுக்கு எட்டுதான்னு. சட்ட எடுக்கக் கூட அளவு பாக்குறாங்கல்ல?"

தலைவர் சிவராசாவைப் பார்த்தார். சிவராசா சட்டதிட்டங்களைப் பார்த்தார்.

"பயன்படுத்திற ஆளே தெரிவு செய்தால், அது பக்கச்சார்பு ஆகிவிடும், பிள்ளை" என்றார்.

"அப்ப அளவு?"

அளவு முக்கியம் என்பதை உபகுழு முழு மனதோடு ஏற்றுக்கொண்டது. கை அளவு அங்கேயே எடுக்கப்பட்டது. ஆனால் கழகத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துபவர் தலைவர் என்பதால் தலைவரின் கைதான் அளக்கப்பட்டது. ஒரு மூட்டைத் தேயிலையை ஒற்றைக் கையால் இழுத்த நீளமான கை. விஜிதரன் நாடாப் பிடிக்க, சிவராசா அழகாக எழுதிக்கொண்டார். ஜீவராணி பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தடிக்காரி.

படியிறங்கும்போது சிவராசாவை மறித்தாள். "சேர், அவங்கதான் அப்படி. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக்கூடாதா?"

அவள் சொல்வது சரி என்று சிவராசாவுக்குத் தெரியும். "பாப்பம்" என்றார். யாழ்ப்பாணத் தமிழிலும் அரசாங்கத் தமிழிலும் பொருள் மாறாத சொல் அது.

அனுமதிகள் வந்து, கையொப்பங்கள் வந்து, தோட்டா ஒரு பெட்டி வந்து, துப்பாக்கி வந்து சேர்ந்தபோது கார்த்திகை பாதி போய்விட்டது. கொழும்புப் போட்டிக்கு ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் ஜீவராணி சுட்டுப் பழக வேண்டும், தொலைநோக்கியைத் துப்பாக்கியோடு இசைக்க வேண்டும். ஆனால் வெள்ளோட்டம் இல்லாமல் துப்பாக்கியைக் கொடுக்க நாமென்ன நாகரிகம் இல்லாதவர்களா? தோட்டத்துப் பழைய கல்லுடைத்த மேட்டில் பொலிஸ் அனுமதியோடு பந்தல் போடப்பட்டது. தவில், நாதஸ்வரம், தோரணம். வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை.

பூசகர் துப்பாக்கிக்குத் தீபம் காட்டினார். குழலுக்கு மாலை போட்டார். சந்தனத்தை எங்கே வைப்பது என்று யோசித்து, கண் மாதிரி இருந்த இடத்தில் வைத்தார். முன்கண்ணாடியில் சந்தனம், பின்கண்ணாடியில் குங்குமம்.

தலைவர் முதலில் சுட்டார். "செகப்பாத் தெளிவாத் தெரியுதுங்க நடுப்புள்ளி!" என்று அறிவித்துவிட்டுச் சுட்டதில் மண்மேட்டுக்கு மேலே ஒரு சவுக்குக் கிளை முறிந்தது. கண்ணாடி துடைக்கப்பட்டது. பிறகு பிரதம விருந்தினர் சுட்டார். அவருடைய மைத்துனர் சுட்டார். விஜிதரன் வீடியோவில் பார்த்தபடி படுத்துச் சுட்டார், உட்கார்ந்து சுட்டார். இலக்குத் தாள் கன்னி கழியாமல் காற்றில் ஆடியது.

"காத்து இழுக்குது" என்றார் விருந்தினர்.

"மலை உயரம் அப்படி" என்றார் மைத்துனர்.

"தோட்டா ஒத்துக்கலங்க. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு தோட்டாதான் புடிக்கும். வீடியோவிலேயே சொல்லியிருக்கான்" என்றார் விஜிதரன். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே அவர் மேலும் பத்துத் தோட்டாக்களைச் செலவழித்தார்.

அப்போது சிவராசாவின் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள். அவர் மறுத்திருக்கலாம். மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஆடியிலிருந்து கனவு கண்ட அந்த மெல்லிய குறுக்குக்கோடு கண்ணுக்கு நேரே நின்றது. போல்ட்டைத் தூக்கினார், இழுத்தார், தள்ளினார். பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்று சுட்டார். இன்னொன்று சுட்டார். எங்கே போனதென்று தெரியவில்லை, சுகமாக இருந்தது. பெட்டிக்குள் விரலை விட்டார். விரல் அட்டையில் முட்டியது.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, ஜீவராணி தயாராக நின்றாள்.

"அடுத்தது நானுங்களா?"

"ரவை முடிஞ்சுது, பிள்ளை" என்றார் சிவராசா.

அடுத்த பெட்டிக்கான அனுமதி வரத் தை மாதமாகும் என்றார்கள். அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

கொழும்புக்குக் கழகம் முழுவதும் வேனில் போனது. சுடுதளத்தில் எல்லோருக்கும் தோட்டா கொடுத்தார்கள். ஜீவராணி பாயில் படுத்துத் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். கட்டை தலைவரின் கைக்கு அளவெடுத்துச் செய்தது. அவள் கண் தொலைநோக்கிக்கு எட்டவில்லை. எட்டாத கண்ணுக்கு உள்ளே கறுப்பு வளையம்தான் தெரிந்தது. கழுத்தை ஆமைபோல நீட்டிச் சுட்டாள். முதல் தோட்டாக்கள் பக்கத்துக்காரியின் தாளில் விழுந்தன. அவள் நன்றி சொன்னாள். ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு திருகாகத் திருப்பினாள், கட்டையைக் கக்கத்துக்குள் இறக்கிப் பிடித்தாள், மறுபடி சுட்டாள். கடைசிச் சில தோட்டாக்கள் நடுப்புள்ளியை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிழித்தன. அப்போது மணியடித்துவிட்டது. கடைசிக்கு முந்தின இடம்.

திரும்பி வரும் வழியில், கினிகத்தேனையில் வடை சாப்பிட இறங்கியபோதும் அவள் வேனைவிட்டு இறங்கவில்லை.

தோல்வியைக் கண்டு துவளாத கழகம் மறுவாரமே விசாரணைக் கூட்டம் கூட்டியது. துப்பாக்கி மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. குழல் பரிசோதிக்கப்பட்டது, குறையில்லை. தொலைநோக்கி பரிசோதிக்கப்பட்டது, குறையில்லை. உபகுழுவின் தெரிவு பரிசோதிக்கப்பட்டது. பரிசோதித்தது அதே உபகுழு, ஆகவே அதிலும் குறையில்லை. மூவரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மீதியிருப்பது ஒன்றுதான்.

முடிவைக் கேட்க ஜீவராணி வந்து கதவோரம் நின்றாள். சிவராசா எழுந்து, அச்சுக் கோத்த தம் கையெழுத்திலிருந்து வாசித்தார். அவள் முகத்தைப் பார்க்காமலிருக்கத் தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"துப்பாக்கியும் தொலைநோக்கியும் முழுத் துல்லியமானவை எனவும், தோல்விக்கு ஒரே காரணம் பயனாளி போதிய பயிற்சி பெறாமையே எனவும் இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது."

தலைவர் தலையசைத்தார். விஜிதரன் போனைப் பார்த்தார். ஜீவராணி சிரித்தாள்.

"பழக ஒரு தோட்டாவும் எனக்குக் குடுக்கல. இருந்தும், தப்ப அங்க இங்க செதறவிடாம, நேரா என் நெஞ்சுலயே எறக்கிட்டீங்க" என்றாள். "உங்க மூணு பேரையுந்தான் சேர், போட்டிக்கு அனுப்பியிருக்கணும்!"