ஐம்பது வெள்ளி எலுமிச்சை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் மலைத் தேயிலைத் தோட்டத்து மண்டப வாசலில் செருப்பு மலையாகக் குவிந்துவிட்டது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் லோரியில் ஆள் வந்தது. தானா ராத்தாவிலிருந்து கார் காராக வந்தது. கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் சீனக் கடை முதலாளி தவுக்கேகூடக் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். வராதது புத்தி ஒன்றுதான். அதற்கு யாரும் நாற்காலி போட்டிருக்கவில்லை.

எல்லாம் ஈப்போவிலிருந்து ஞாயிறுதோறும் வரும் சமரச சித்தரைப் பார்க்கத்தான். பழைய பெயர் ஹரிதாஸ். அப்போது வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்றார். இப்போது மனசையே வடிகட்டுகிறார். காவி, பச்சை, வெள்ளை மூன்றையும் ஒட்டுப்போட்டுத் தைத்த அங்கி. மதங்களுக்கு நடுவே உள்ள சுவரை இடிக்க வந்தாராம். இந்த மலையில் அப்படியொரு சுவர் இல்லையே என்று அவர் மனம் தளரவில்லை. தாமே கட்டிவிட்டு, இடிப்பதற்குக் கூலி கேட்டார்.

முறை இதுதான். பத்து நிமிஷம் கண்மூடித் தியானம். பிறகு சீடன் தர்மா, தட்டிலிருந்து ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். சித்தர் செம்பிலிருந்து கயிலை மூலிகைத் தீர்த்தம் ஊற்றுவார். பொன்னிறமாக நின்றால் மனசு சுத்தம். கறுத்துப்போனால், வேற்று மதத்தார்மேல் உள்ளுக்குள் வெறுப்பு. மந்திரித்த எலுமிச்சையைப் பிழிந்தால் கறுப்பு ஓடிவிடும். பழம் ஐம்பது வெள்ளி.

கத்தரிக்காய்க்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கும் சனம், இங்கே வாயைத் திறக்கவில்லை. இன்னொரு அதிசயம்: காரும் கடையும் வைத்திருப்பவர்களின் கிளாஸ் மட்டுமே கறுத்தது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலிச் சனத்துக்கு வெறுப்பதற்குக்கூட வசதி இல்லை போலும்.

போன ஞாயிறு கறுத்தது ஆரிஃபாவின் கிளாஸ். தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவள். கொழுந்து வெட்டும் அவள் தோழி செல்லம் துணைக்குக் கூப்பிட்டாள் என்று வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"இந்துக்கள் மேல உனக்கு வெறுப்பு இருக்கு தாயே. பரிகாரம் பண்ணிக்கோ."

"ஒத்தப் பழம் அம்பது வெள்ளியா? அந்தக் காசுக்கு எனக்கு ஒரு மூட்டையே வரும்லா! வெறுப்பு இருந்துட்டுப் போவட்டும், ஆள விடுங்க."

கேலிக்குச் சொன்னாள். அது வீடியோவாகி, சாயங்காலத்துக்குள் எல்லார் கைப்பேசியிலும் வாக்குமூலமாகிவிட்டது. மறுநாள் தோட்டத்து ஆள் ஒருவர்கூட அவள் கடையில் உட்காரவில்லை.

செல்லத்தின் புருஷன் கருப்பையா, தோட்டத்து லோரி ஓட்டுபவர், வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"அவளே ஒத்துக்கிட்டா. இனிமே அந்தக் கடைப் பக்கம் காலு வச்சே, பாத்துக்க."

"நம்ம ரூபினி எங்க பொறந்தா?"

"அது வேற கதை."

"மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சப்ப ஆரிஃபாவோட வேன்ல பொறந்தா. அவதான் ஓட்டுனா. நீங்க எங்க இருந்தீங்க?"

"மயக்கம் போட்டுட்டேன். அத ஏன் இப்ப இழுக்கிற? தண்ணி பொய் சொல்லுமா?"

செல்லம் ஆரிஃபாவுக்குப் போன் போட்டாள். "நீயும் நம்பிட்டியா செல்லக்கா?" என்ற ஒரே கேள்வி வந்தது. பதில் வாய்க்கு வருவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

புதன்கிழமை வேலை முடிந்து பைப்படியில் கொழுந்துக் கத்தரியைக் கழுவ உட்கார்ந்தாள். ப்ளாஸ்கில் மிச்சமிருந்த தே ஓ, அதுதான் பாலில்லாத வெறும் தேநீர், துருவேறிய அலகில் கொட்டியது. மையாகக் கறுத்து வழிந்தது. வழக்கம்போல் எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். கறுப்பு போய் அலகு பளிச்சென்றது. பதினெட்டு வருஷமாகத் தினம் செய்கிற வேலை. அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அடப் படுபாவி!" என்றாள். கத்தரியைத் திட்டவில்லை.

இதோ, இந்த ஞாயிறு வரிசையில் நிற்கிறாள், கையில் ப்ளாஸ்க். அவளுக்கு முன்னால் தவுக்கே. தர்மா தட்டின் கடைசி வரிசையிலிருந்து கிளாஸ் எடுத்து அவரிடம் நீட்டினான். செல்லம் நடுவில் பிடுங்கி, சித்தர் கையில் திணித்தாள்.

"சாமி, ஒங்க மனசையும் ஒரு தடவ பாத்துருவோம்."

"குருவைச் சோதிக்கக் கூடாது தாயே."

"புடிங்க சாமி! பொன்னாத்தான் வரும்!" என்று பக்தர்களே கூவினார்கள். பக்தியின் ஆபத்து இதுதான். சில சமயம் சாமியையும் கவிழ்த்துவிடும். செல்லம் செம்பை எடுத்து ஊற்றினாள். பூமி பிளந்து தம்மை வாங்கிக்கொள்ளாதா என்று சித்தர் நினைக்கும் அளவுக்குக் கறுத்தது.

"அது... தவுக்கேயோட வெறுப்பு. கிளாஸ்ல ஒட்டியிருக்கு!"

"சரி, யாரும் தொட வேணாம்." தட்டிலேயே வைத்து, முன்வரிசைக் கிளாஸ் ஒன்றிலும் கடைசி வரிசைக் கிளாஸ் ஒன்றிலும் தன் ப்ளாஸ்கிலிருந்து ஊற்றினாள். முன்னது பொன். பின்னது மை.

"இந்தக் கிளாஸுக்கு யாரு மேல சாமி வெறுப்பு? நான் ஊத்துனது தே ஓ. காலைல எங்க வூட்ல போட்டது."

கருப்பையா எழுந்து வந்து சித்தரின் செம்பை மோந்து பார்த்தார். துளசி, பச்சைக் கற்பூரம், அதற்கடியில் நாள் முழுக்க அவர் லோரியில் ஏற்றுகிற வாசனை.

"நம்ம தேயிலைலா இது!" என்றார் ஈனக்குரலில்.

தர்மாவின் சட்டைப்பையிலிருந்து ரத்தசோகைக்குக் குடிக்கும் இரும்புச்சத்து மருந்துக் குப்பி விழுந்தது. "சாமிதான் பின்வரிசைக் கிளாஸ்ல சொட்டு விடச் சொன்னாரு, தேயிலைத் தண்ணி பட்டா கறுத்துரும்னாரு" என்று அழுதான். சித்தர் மூன்று நிற அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். செருப்பு மலையில் தம்முடையதைத் தேட அவருக்கு நேரமில்லை.

மத்தியானம் ஆரிஃபா கடையில் உட்கார இடமில்லை. செல்லம் நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள்.

"நம்பல புள்ள. பதில் சொல்லத்தான் ஒரு வாரம் ஆயிருச்சு."

"சரி சரி, வெங்காயத்த நறுக்கு" என்றாள் ஆரிஃபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. வெங்காயம் இன்னும் உரிக்கப்படவே இல்லை.

வெளியே மேஜையில் உட்கார்ந்திருந்த கருப்பையா தலை நிமிரவில்லை. ஆரிஃபா வந்து நின்றாள்.

"என்ன குடிக்கிறீங்கண்ணே?"

"தே ஓ."

"எலுமிச்ச புழியவா? மந்திரிச்சதா, சும்மாவா?"

"சும்மாவே போதும்மா."

"அப்ப ரெண்டு வெள்ளி."

நாள் முழுக்கத் தேயிலை வெட்டும் ஊருக்கே தேயிலைத் தண்ணீரைத் தீர்த்தம் என்று விற்றவன் கெட்டிக்காரன்தான். வாங்கியவர்களை என்னவென்று சொல்வது? அடுத்த வீட்டுக்காரர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா, கதவைத் தட்டி அவரைக் கேளுங்கள். கிளாஸைக் கேட்காதீர்கள். அதில் ஊற்றியவன் மனசுதான் தெரியும்.