மூக்குக்கு வந்த தலைவலி

இனி இந்தக் கை பாத்ரூம் பிரஷ்ஷைத் தொடாது.

சனிக்கிழமை சாயங்காலம், வேலை பார்க்கும் பெயிண்ட் கடையில், கலர் கலக்கும் மெஷின் முன்னால் நின்றுகொண்டு அவர் எடுத்த முடிவு இது. பெரிய ஆட்கள் எல்லாம் நாட்டுக்காக முடிவெடுப்பார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமைக்காக எடுத்தார்.

விஷயம் ரொம்பச் சின்னது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே வீட்டு வேலையைப் பங்கு போட்டுவிட்டாள். சமையல் அவளுக்கு. தரையும் பாத்ரூமும் இவருக்கு. பாத்திரமும் துணியும் ஆளுக்கு ஒரு நாள். "சரிம்மா, அதுல என்ன இருக்கு" என்று இவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அவள் போய் பக்கெட்டை வாங்கி வந்து கையில் கொடுத்தாள். அன்றோடு ஞாயிற்றுக்கிழமை செத்தது. கீழ் வீட்டில் சிநேகிதர்கள் கேரம் ஆடுவார்கள். ஸ்ட்ரைக்கர் அடிக்கும் 'டக்' சத்தம் ஒவ்வொன்றும் மேலே இவர் நெஞ்சில் வந்து விழும். ஸ்ட்ரைக்கர் பிடிக்க வேண்டிய விரலில் பிரஷ் இருக்கும்.

விடுதலை போனில் வந்தது. அந்தச் சனிக்கிழமை டீ நேரத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு கட்டுரையில் நின்றார். ரூம் ஸ்பிரே, செண்ட், தரை துடைக்கும் லிக்விட், துணிக்குப் போடும் கண்டிஷனர், எல்லாவற்றிலும் செயற்கை வாசனை. பாட்டிலில் 'வாசனை' என்று ஒரே ஒரு சொல்தான் போட்டிருக்கும்; அதன் பின்னால் ஒரு கூட்டமே ரசாயனம் ஒளிந்திருக்கலாம். சிலருக்குத் தும்மல் வரும், சிலருக்கு மூச்சு இழுக்கும், சிலருக்குத் தலைவலி வரும்.

படிக்கிற யாருக்கும் பயம் வரும். இவருக்குச் சந்தோஷம் வந்தது. 'சிலருக்கு' என்ற இடத்தில் 'எனக்கு' என்று போட்டுப் படித்துப் பார்த்தார். தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. இதைப் படிக்கும்போது அவர் உட்கார்ந்திருந்தது பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டின் மேல். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை தரை துடைக்கும் லிக்விடை பக்கெட்டில் ஊற்றினார். குனிந்தார். நிமிர்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு?"

"தலை வலிக்குதும்மா. இந்த வாசனைதான்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"நடுவுல?"

"நடுவுல இனிமேதான் ஆரம்பிக்கும் போல."

போனை நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுரையைக் கடைசிவரை படித்தாள். இவரே அவ்வளவு தூரம் போகவில்லை.

"ஏங்க, தும்மல்னும் போட்டிருக்கே. காலையில எந்திரிச்சதும் எனக்கு வரிசையா வருதே, அதுவும் இதனாலதானோ?"

"உன் தும்மலை அப்புறம் பார்க்கலாம். என் தலையைப் பாரு."

பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள். ஊரார் மூக்கைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். எந்த மூக்கில் எது நிற்கும், எது வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"விடுங்க, நான் துடைக்கறேன். நீங்க போய்ப் படுங்க."

"காத்தாட நின்னா சரியாப் போயிடும்" என்று கீழே இறங்கினார். காற்று வாங்கினார். கூடவே ரெட் காயையும் வாங்கினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். மனுஷனுக்கு ருசி கண்டுவிட்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அதே சுவர், அதே தலை. பிறகு வியாதி வார நாட்களுக்கும் பரவியது. காலேஜ் போகும் மகள்தான் முதலில் மாட்டினாள்.

"அப்பா, இன்னிக்குப் பாத்திரம் உங்க முறை."

"சோப்புல எலுமிச்சை வாசனைம்மா. எனக்கு ஒத்துக்காது."

"இப்பதானே எலுமிச்சை ஜூஸ் குடிச்சீங்க?"

"அது பழம். இது பழத்தோட போட்டோ."

"துணியாவது மடிச்சு வைங்க."

"அதுல மல்லிகை."

"நாள் பூரா பெயிண்ட் கடையில நிக்கறீங்களே, அதுக்கு வலிக்காதா?"

"அது தொழில். தொழில்ல தலைவலி பார்க்கக் கூடாது."

வீட்டோடு விட்டாரா என்றால் இல்லை. எதிர் வீட்டு நர்ஸக்காவை லிஃப்டில் மறித்து, செண்ட் போடுவது உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை விளக்கினார். மூக்கு இருக்கிறது என்பதற்காக இப்படி எல்லா இடத்திலுமா நுழைப்பது? நர்ஸக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் செண்டே போடறதில்ல தம்பி" என்று இறங்கிப் போனாள்.

மனைவி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அப்போதே இவர் உஷாராகியிருக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் மிக்ஸி இன்னும் ஓடவில்லை என்றுதான் அர்த்தம்; பிளக் குத்தியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிர் வீட்டு நர்ஸக்காவும் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. இன்னிக்கு ஒரு தடவை மட்டும் நீங்க துடைச்சிடுங்க."

புது ஆள் பார்க்கிறாள் என்றதும் இவருக்கு உற்சாகம் பிறந்தது. பாட்டிலைத் திறந்து ஊற்றினார். சுவர் போதாது என்று நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். கண் சொருகியது. ஒரு கால் தானாக நீண்டது. அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

"என்ன தம்பி பண்ணுது?" என்றாள் நர்ஸக்கா.

"வாசனைக்கா. நேரா மூளைக்குப் போகுது."

"எப்பவும் இப்படித்தானா?"

"இன்னிக்கு ரொம்ப அதிகம். புதுசா ஏதோ ரசாயனம் கலந்திருக்கான் போல."

மனைவி கவலையாகக் கையைப் பிசைந்தாள். "அதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு. அந்த பாட்டில்ல இருக்கறது குழாய்த் தண்ணி."

கீழே 'டக்' என்று யாரோ காய் போட்டார்கள். சொருகியிருந்த கண் திறந்தது.

"என்ன தண்ணி?"

"குழாய்த் தண்ணிங்க. நீங்க முதல்முதல்ல தலையைப் பிடிச்சீங்களே, அன்னிக்கே ஸ்பிரே, கண்டிஷனர், என் செண்ட், எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டிட்டேன். சோப்பு கூட வாசனை சேர்க்காததுதான். பாட்டில் காலியா நிக்குதேன்னு தண்ணி பிடிச்சு வெச்சேன். நீங்க சொல்லி நான் நம்பாம இருப்பேனா?"

"ஒரு வாசனையும் வரலைன்னு கூடவா தெரியலப்பா?" என்றாள் மகள்.

தெரியவில்லை. எப்படித் தெரியும்? தின்னரும் வார்னிஷும் சேர்ந்து அந்த மூக்கை எப்போதோ ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டன. முகத்தில் சும்மா அழகுக்குத்தான் இருந்தது. இன்று அந்த அழகும் உடைந்தது.

"எனக்குத் தும்மல் நின்னே போச்சு. அதையாவது கவனிச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

கவனிக்கவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் நன்றாகத் தூக்கம் வருகிறதே என்று மட்டும் நினைத்திருந்தார். பொய் சொன்னவருக்கு வலி, நம்பினவளுக்குக் குணம். என்ன நியாயமோ.

நர்ஸக்கா எழுந்து வந்து இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வாசனையே இல்லாம தலை வலிச்சா விடக் கூடாது தம்பி. எங்க ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துடலாம். ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் இருக்காது. பெரிய குழாய்க்குள்ள அசையாம படுக்கணும். சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

"வாராவாரம் கூட்டிட்டு வந்துடறேன்க்கா" என்றாள் மனைவி.

"வேண்டாம். இப்ப பரவாயில்ல" என்றார் இவர்.

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்."

"நடுவுல?"

"நடுவுலயும் போயிடுச்சு."

இவ்வளவு வேகமாகக் குணமான தலைவலியை நர்ஸக்கா தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

"அப்ப நல்லதாப் போச்சு" என்று மனைவி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். இடுப்பும் அந்த நொடியே குணமாகியிருந்தது. "வாசனை லிக்விட் இனிமே இந்த வீட்டுக்குள்ள வராதுங்க. என் மூக்கு இப்பதான் நிம்மதியா இருக்கு. பாத்ரூமுக்கு வினிகரும் சோடா உப்பும் வாங்கி வெச்சிருக்கேன். கொஞ்சம் அழுத்தித் தேய்க்கணும், அவ்வளவுதான்."

"கொஞ்சம்னா?"

"முன்ன ஒரு தேய்ப்புன்னா, இப்ப நாலு."

பாத்ரூம் வாசலில் பக்கெட் நின்றது. பிரஷ் நின்றது. வினிகர் பாட்டிலை அவளே எடுத்து இவர் கையில் கொடுத்தாள். கீழே அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கும் சத்தம் கேட்டது. இவருக்கு மனசு ஆறவில்லை. ஒரு கையில் பாட்டிலைப் பிடித்தபடி இன்னொரு கையை மெதுவாக நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"இந்த வினிகர் நெடி இருக்கே, அப்படியே மண்டைக்கு ஏறுதும்மா."

அவள் பாட்டிலை வாங்கினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். திரும்ப இவர் கையிலேயே வைத்தாள்.

"இன்னும் மூடியே திறக்கலீங்க."