நியாயம் சாரும் மூன்றாம் மாடிக் கழிப்பறையும்

மனிதர்களில் தூரப்பார்வை நியாயவான் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்டும் இருப்பீர்கள். ஏழு கடலுக்கு அப்பால், வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் ஒரு தீவில் மீனவர்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால், இங்கே இவருக்குச் சோறு இறங்காது. 'அடித்தட்டு', 'விளிம்புநிலை', 'கட்டமைப்பு' என்ற மூன்று சொற்களும் வராமல் இவரால் ஒரு காப்பி கூடக் கேட்டு வாங்க முடியாது. "கட்டமைப்புன்னு ஒண்ணு இருக்கு இல்லையா..." என்று யாராவது தொண்டையைச் செருமினால் உங்கள் நிறுத்தம் வராவிட்டாலும் இறங்கிவிடுங்கள்.

போலி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போலியாக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். இவர் நிஜமாகவே நல்லவர். தொல்லையே அதுதான்.

நான் சொல்லப்போகிறவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் நிர்வாக அதிகாரி. அலுவலகத்தின் சம வாய்ப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் நினைவில் வைத்திருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் 'நியாயம் சார்'. அந்தப் பட்டத்தில் கொஞ்சம் கிண்டல் கலந்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கட்டமைப்பின் மேல் பழியைப் போட்டிருப்பார்.

குழு வருஷாவருஷம் ஒரு கருத்தரங்கம் நடத்தும். தலைப்பு, 'நவீன சமூகங்களில் சமூக நீதியின் பொருள்'. தலைப்பு மாறாது, பதாகையில் ஆண்டை மட்டும் காகிதம் ஒட்டி மாற்றிக்கொள்வார்கள். இந்த வருஷம் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது நியாயம் சாருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. பாதி முகத்தில் நுரையோடு சமையலறைக்கு ஓடினார்.

"இந்தத் தடவை நாங்க பேசப்போறதில்ல. பாதிக்கப்பட்டவங்களே பேசப்போறாங்க. அடித்தட்டு மக்கள்ல ஒருத்தரை மேடையேத்தப்போறேன்!"

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் விடை வரும் வரை விடமாட்டார். "யாரை?" என்றார்.

"தேடணும். ஊருக்கு வெளியில ஏதாவது அமைப்பைப் பிடிச்சு..."

"உங்க மாடியைத் தினம் துடைக்கிறாங்களே, அவங்க என்ன தட்டு?"

நியாயம் சார் அசந்துபோனார். பதினோரு வருஷமாகத் தன் நாற்காலிக்கடியில் துடைப்பம் வரும்போதெல்லாம் காலைத் தூக்கி வழிவிட்டிருக்கிறார். அந்தத் துடைப்பத்தின் மறுமுனையில் அடித்தட்டு இருக்கும் என்று தோன்றவே இல்லை பாருங்கள்!

அந்த அம்மாளை மற்ற நான்கு துப்புரவுப் பெண்களும் 'பெரியக்கா' என்பார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர். அலுவலகத்தின் பட்டியலில் கிடையாது. அன்றைக்கே அவரிடம் போய் நியாயம் சார் குழைந்தார். "அம்மா, நீங்க மேடையில பேசணும்."

"எதைப் பத்தி சார்?"

"உங்க மௌனத்தைப் பத்தி."

பெரியக்கா யோசித்தார். "நான் பேசிக்கிட்டுதானே சார் இருக்கேன்?"

கருத்தரங்க நாளில் நியாயம் சார் தலைமையுரையாகச் 'சில வார்த்தைகள்' சொன்னார். எளியவர்களைப் பேசவிடாமல் மற்றவர்களே பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை ஐம்பத்திரண்டு நிமிஷம் விளக்கினார். நேரமாகிவிட்டது என்று மூன்று முறை சீட்டு வந்தது. மூன்றையும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேநீர்ப் பாத்திரம் வாசலுக்கு வந்தபிறகுதான் பெரியக்கா கைக்கு ஒலிவாங்கி வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பெருசா ஒண்ணும் சொல்லத் தெரியாது. மூணாம் மாடி பாத்ரூமை நான்தான் கழுவுறேன். பளபளன்னு இருக்கும், நீங்களே சொல்லியிருக்கீங்க. ஆனா எனக்கு அவசரம்னா கீழ இறங்கி, ரெண்டு தெரு தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். அதனால காலையில ஆறு மணிக்கு மேல நாங்க அஞ்சு பேரும் தண்ணி குடிக்கிறதில்ல. டாக்டரம்மா நிறைய தண்ணி குடிக்கணும்னு திட்டுறாங்க. அந்த பாத்ரூமுக்கு ஒரு சாவி குடுத்தா போதும். அவ்வளவுதான்."

நியாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாடகமில்லை, உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. விருட்டென்று எழுந்தார். "எந்த மனசாட்சி இல்லாத மனுஷன் இதைச் செஞ்சான்? சொல்லுங்கம்மா. இங்க யாருக்கும் பயப்பட வேண்டாம்!"

"கதவுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு சார். அடியில இருக்கிறது உங்க கையெழுத்துன்னு சொன்னாங்க."

ஆமாம். இரண்டு வருஷத்துக்கு முன் வெளியாட்கள் கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள் என்று யாரோ புகார் எழுத, 'அலுவலக ஊழியர்களைத் தவிர வேறு எவரும் உள்ளே நுழையக் கூடாது' என்று அறிவிப்பு ஒட்டிப் பூட்டுப் போட்டதும், ஊழியர்களுக்குச் சாவி கொடுத்ததும், கழுவும் நேரத்துக்கு மட்டும் காவலாளி திறந்துவிட ஏற்பாடு செய்ததும் சாட்சாத் இவர்தான்.

வேறு யாராக இருந்தாலும் மேடை பிளந்து உள்ளே போயிருப்பார்கள். நம்மவர் இரண்டு விநாடி தடுமாறினார். பிறகு கையை உயர்த்தினார். "பார்த்தீர்களா நண்பர்களே! கட்டமைப்பு என்பது ஒரு நல்ல மனிதனின் கையையே பிடித்து எப்படிக் கையெழுத்துப் போட வைக்கிறது!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அது அடங்குவதற்குள் பெரியக்கா கீழே இறங்கித் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கியிருந்தார்.

சாவி நியாயம் சாரின் கால்சட்டைப் பையிலேயே கிடந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் அது கருணை. அவர் கேட்பது நீதி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய நான்கு பேர் கொண்ட துணைக்குழு ஒன்றை அமைத்தார்.

அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண்களின் வலியைத் தன் உடலால் உணரவேண்டும் என்று ஒருநாள் தண்ணீர் குடிக்காமல் அலுவலகம் வந்தார். பதினோரு மணிக்குத் தலை வலித்தது. பதினொன்றரைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு மோரும் குடித்தார். அந்த அனுபவத்தை 'அரை நாள் தாகம்' என்று அலுவலக இதழில் எழுதினார். படித்துவிட்டு இரண்டு பேர் அழுததாகக் கேள்வி. கட்டுரையை மனைவியிடமும் நீட்டினார்.

டீச்சர் படித்து முடித்தார். "இப்ப சாவி எங்க?"

"என் பையிலதான். ஆனா இது கொள்கை விஷயம். தனிப்பட்ட முறையில குடுத்தா முன்னுதாரணம் ஆயிடும்."

"ஆகட்டுமே. அதுல என்ன கெட்டுப்போச்சு?"

"உனக்குப் புரியாது."

"புரியுது. நீங்க அரை நாள் தண்ணி குடிக்காம இருந்ததுக்கு மூணு பக்கம். அந்தம்மா ரெண்டு வருஷம் இருந்திருக்காங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, எத்தனை பக்கம் வருதுன்னு."

துணைக்குழு ஏழு முறை கூடியது. 'ஊழியர்' என்ற சொல்லில் ஒப்பந்தப் பணியாளர் அடங்குவாரா என்பதிலேயே இரண்டு மாதம் ஓடியது. 'சாவி' என்பது உரிமையா, வசதியா என்று ஒரு பகல் முழுக்க விவாதித்தார்கள். அறிக்கை முப்பத்தெட்டாம் பக்கத்தை எட்டிய வாரத்தில், பெரியக்கா மாடிப்படியில் வாளியோடு சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல், அதோடு கிருமித்தொற்று. நான்கு நாள் ஆஸ்பத்திரி.

நியாயம் சார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். கட்டிலில் பெரியக்கா உதடு வெடித்துக் கிடந்தார். தயார் செய்து கொண்டுபோயிருந்த ஆறுதல் வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அதில் 'கட்டமைப்பு' இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. பழத்தை வைத்துவிட்டுத் திரும்பினார். மறுநாள் காலை சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அலுவலகம் வந்தார். எப்படியாவது இன்று கொடுத்துவிடுவது என்று. ஆனால் பெரியக்கா விடுப்பில் இருந்தார் அல்லவா? மற்ற நால்வரில் யாரிடம் கொடுப்பது நியாயம் என்று யோசித்தார். மாலை ஐந்தரை ஆயிற்று.

திங்கட்கிழமை பெரியக்கா வேலைக்கு வந்தார். காவலாளி வழக்கம்போலக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். ஐவரும் வாளியோடு வாசலில் நின்றார்கள். உள்ளே போகவில்லை.

"என்னக்கா, போங்க" என்றார் காவலாளி.

"எப்படிப் போறது தம்பி? ஊழியரைத் தவிர யாரும் நுழையக் கூடாதுன்னு எழுதியிருக்கே" என்றார் பெரியக்கா. "நாங்க ஊழியரா இல்லையான்னு சாருங்க இன்னும் முடிவு பண்ணலையாம். முடிவாகட்டும்."

சண்டை இல்லை, கோஷம் இல்லை. கூடம், படிக்கட்டு, கண்ணாடிக் கதவு எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்த ஓர் அறையை மட்டும் தொடவில்லை. திங்கள் போயிற்று. செவ்வாய் மதியம் ஊழியர்கள் கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். புதன் காலை, மூன்றாம் மாடியே வரிசையாக இரண்டு தெரு தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது. அந்த வரிசையில் நியாயம் சாரும் இருந்தார். முப்பத்தெட்டுப் பக்கம் தெரிந்த மனிதருக்கு அன்றுதான் அந்தத் தூரம் தெரிந்தது.

பதினோரு மணிக்குக் கிளை மேலாளர் வந்தார். சமூக நீதி என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறையும் உச்சரிக்காத மனிதர். அறிவிப்பை நகத்தாலேயே சுரண்டிக் கிழித்தார். ஐந்து சாவிகள் வரவழைத்து ஐவர் கையிலும் கொடுத்தார். மொத்தம் நான்கு நிமிஷம். சாவியின் தத்துவத்தை யாரும் அவரிடம் விளக்கவில்லை, மூக்கு விளக்கிவிட்டது.

சாயங்காலம் நியாயம் சார் பெரியக்காவைத் தேடிப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான்.

"அம்மா, நான்... அந்த அறிவிப்பு... நான் அப்பவே..."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஈரம். வழுக்கிடும்."

தள்ளி நின்றார். பெரியக்கா துடைத்து முடித்து நிமிர்ந்தார். "நீங்க கெட்டவர் இல்ல சார். உங்களுக்கு யோசிக்க நேரம் இருந்துச்சு. எங்களுக்கு இல்ல. அவ்வளவுதான்." இடுப்பிலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, அவர் எதிரிலேயே மடக் மடக்கென்று குடித்தார்.

அன்று நியாயம் சாருக்கு வலித்தது என்பது உண்மை. ஆனால் அந்த மாதமே ஆண்டறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'குழுவின் தொடர் முயற்சியால் கழிப்பறை உரிமை நிலைநாட்டப்பட்டது' என்று எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். கடைசியில் 'தொடர்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினார்.

இத்தனை விவரம் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? துணைக்குழுவின் நான்காவது உறுப்பினர் அடியேன். உரிமையா, வசதியா என்று ஒரு பகலைத் தின்ற கேள்வியைக் கிளப்பியதும் அடியேன்தான். என் பையிலும் ஒரு சாவி இருந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் முகமோ நினைவுக்கு வந்திருக்கும். 'அப்படியே நம்ம இன்னார்!' என்று சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அந்த இன்னாரும் இப்போது எங்கோ உட்கார்ந்து இதையே படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணெதிரே வந்து நிற்பது யார் முகம் என்று நினைக்கிறீர்கள்?