கலர்மூக்கு அண்ணாச்சி

சிவகாசி முழுக்கத் தேடினாலும் எங்கள் கலர்மூக்கு அண்ணாச்சிக்கு இருந்த மாதிரி ஒரு மூக்கு கிடைக்காது. பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சாபீஸில் அவர் செக்கிங். கண்ணில் அம்புட்டு பவர். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டாலும் பார்வை அரைகுறைதான். அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மை காயாத தாளை மூக்கு இடிக்கிற தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். மூக்கு நுனி சிவப்பாக இருந்தால் மெஷினில் சிவப்பு ஓடுகிறது என்று அர்த்தம். முதலாளியே அவர் மூக்கைப் பார்த்துத்தான், "ஓ, நீலம் வந்தாச்சா?" என்பார்.

அப்புறம் அண்ணாச்சி நெற்றியில் இருக்கிற கண்ணாடியை ஆபீஸ் முழுக்கத் தேடுவார்.

"ஏன் அண்ணாச்சி இன்னும் கல்யாணம் முடிக்கல?" என்று ஆபீஸ் பிள்ளைகள் சீண்டும்.

"பொண்ணு மூஞ்சி தெரியணும்னா மூக்கால முட்டணும். பொண்ணு வீட்டுக்காரன் சும்மா விடுவானா?"

மூலையில் லேபிள் கட்டுகிறவள் நான். ஒண்டிக்கட்டை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டால் எனக்குத் தைரியம் வந்துவிடும். எம்புட்டு நேரம் வேணும்னாலும் அவரைப் பார்க்கலாம். அவருக்குத் தெரியவா போகிறது?

ஒரு ஆடி வெள்ளிக்கு வேன் பிடித்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். ஆற்றில் முங்கினவர் கண்ணாடியை மாரியாத்தா எடுத்துக்கொண்டாள். மனுசன் காரியாபட்டிக்காரர்கள் வேனில் ஏறி, அவர்கள் பொங்கலையும் சாப்பிட்டு, காரியாபட்டியில் இறங்கின பிறகுதான், "நம்ம ஆபீஸ் ஆளுக ஒருத்தரையும் காணோமே" என்றாராம்.

மறுவாரமே மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்து, ஒரு வெங்காயத்தை உரித்து எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

"கருவிழியை மேல மூடி மாதிரித் திறந்து லேசர் அடிக்கிற ஆபரேஷன் ஒண்ணு. மேல்தோலை எடுத்துட்டு அடிக்கிறது ஒண்ணு. சின்னக் கீறல் போட்டு உள்ளருந்து ஒரு சில்லை உருவுறது ஒண்ணு. என் கருவிழி மெலிசாம், பவரும் கூடவாம். மூணும் ஆகாதுன்னுட்டாக. கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைப்பாகளாம். எட்ட இருக்கிறது பூராம் தெரியும். வயசுக்குக் கிட்டப் பார்க்க மட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடணுமாம்."

வெங்காயத்தால் எல்லோருக்கும் கண்ணீர். எனக்கு மட்டும் நிற்கவில்லை.

லென்ஸ் வைத்துத் திரும்பினவர் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஏ ஃபோர்மேன், உமக்கு மீசை இருக்கா வே!"

ஒரே சிரிப்பு. பார்வை என் மூலைக்கு வந்தது. நான் லேபிள் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"நம்ம லேபிள்காரவுகளா அது? ஏன் தலையைக் குனிஞ்சே இருக்காக?"

"அவுக எப்பவும் அப்படித்தான் அண்ணாச்சி. ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாக" என்றார் ஃபோர்மேன்.

அன்றிலிருந்து அது நிசமாகிவிட்டது.

வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு தாளை எட்டப் பிடித்து வேலை பார்த்தார். மூக்கு சுத்தமாகிவிட்டது. அடுத்த சீசனுக்குள் முட்டாமலே பெண் முகம் பார்த்து, கல்யாணம் முடித்து, ஆலங்குளம் பக்கம் போய்விட்டார். நல்லா இருக்கட்டும்.

இத்தனை வருசம் கழித்து, போன மாசம் எனக்கும் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கட்டை அவிழ்த்த நர்சம்மா, "எல்லாம் தெரியுதா பாட்டி?" என்றாள்.

"கலரெல்லாம் பளிச்சுன்னு தெரியுது தாயி" என்றேன்.

சிவப்பு, மஞ்சள், நீலம், எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அந்த மூக்கைத்தான் காணோம்.