காற்றுமானிக்குக் கிடைத்த தலைமை இடம்

விருந்தாளியை மதிப்பதில் கோக்-பெல் நகரத்தை மிஞ்ச இந்தப் பூமியில் வேறு ஊர் கிடையாது என்று ஜிபர்குல் நினைத்துக்கொண்டாள். இருமலுக்கு நடுவே நினைத்ததால் அந்தப் பெருமிதம் கொஞ்சம் விட்டு விட்டு வந்தது.

அவள் மழலையர் பள்ளியின் செவிலி. பள்ளி வாசலுக்கு எதிரே மினிபஸ் நிலையம். டீசல் உறைந்துவிடும் என்ற பயத்தில் ஓட்டுநர்கள் பனிக்காலத்தில் எஞ்சினை அணைப்பதில்லை. பழக்கம் விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் கோடையிலும் அணைப்பதில்லை.

இந்தப் புகையை ஒழிக்கவே 'தூய காற்றுக் குழு' உதயமானது. குழு கூடியது, ஆட்டுக்கறி சாப்பிட்டது, மறுபடியும் கூடி, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து, காற்றில் கலந்த மாசை அளக்கும் காற்றுமானி ஒன்றை வரவழைத்தது. அதை நிலையத்தின் வாசலில் மாட்டுவதாகத் திட்டம். குழுத் தலைவர் டொக்டோபொலோத் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பிஷ்கெக்லேருந்து வந்த விருந்தாளியைப் போய் வாசல்ல, புகைக்குள்ள நிக்க வைக்கிறதா? நம்ம பாட்டன் பூட்டன் காறித் துப்ப மாட்டாங்க?"

ஆகவே பள்ளித் தோட்டத்தின் பின்கோடியில் வெள்ளைக் கம்பளிக் கூடாரம் ஒன்று எழுந்தது. உள்ளே, வாசலுக்கு நேர் எதிரே, மதிப்புக்குரியவர்கள் மட்டும் அமரும் 'தோர்' என்னும் தலைமை இடத்தில் மெத்தைகளை அடுக்கிக் காற்றுமானியை உட்கார வைத்தார்கள். அதன் முன்னால் ஒரு கிண்ணம் குதிரைப்பாலும் வைத்தார்கள். குதிரைப்பால் கொஞ்சம் அதிகப்படி என்று ஜிபர்குலுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தோன்றியதையெல்லாம் சொல்லியிருந்தால் அவள் என்றைக்கோ வேறு ஆளாகியிருப்பாள்.

மானியில் பச்சை விளக்கு எரிந்தது. அணையவே இல்லை.

"பாத்தியா தங்கச்சி, காத்து சுத்தமாயிருச்சு!" என்றார் டொக்டோபொலோத்.

"நம்ம ஸெஸிம் பாப்பா நேத்தும் மூச்சு முட்டிக் கெடந்தா அண்ணே. உதடெல்லாம் நீலம் பாய்ஞ்சிருச்சு."

"அது கொழந்தை. அதுக்கு என்ன தெரியும்? இது கருவி. கருவி பொய் சொல்லுமா?"

வெற்றி விழாவுக்கு நாள் குறித்தார்கள். துணை அமைச்சர் வருகிறார். மினிபஸ்கள் எல்லாம் ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளி வாசலில் அணிவகுத்து, மரியாதையாக உறுமின. அதிகாரிகளின் வண்டிகளும் உறுமின. வாசல் முழுக்கக் கரும்புகை, வரவேற்பு வளைவைப் போல.

ஜிபர்குல் குழந்தைகளோடு நின்றிருந்த தோட்டத்துக்கு டொக்டோபொலோத் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பசங்களை வாசலுக்குக் கூட்டிட்டு வா. அமைச்சர் வர்ற வரைக்கும் ஆடிட்டே இருக்கணும்."

"வண்டிங்களை அணைக்கச் சொல்லுங்களேன்."

"குளுந்துபோன வண்டியில விருந்தாளியை ஏத்தி அனுப்புறதா? என்ன பேச்சு பேசுற நீ!"

'சரிங்க அண்ணே' என்ற சொல் அவள் நாக்கில் எப்போதும் தயாராக இருக்கும், கேட்குமுன்பே ஊற்றி வைத்த தேநீர் மாதிரி. இன்றும் அதைத் தேடினாள். அது இருந்த இடத்தில், அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஸெஸிமின் நெஞ்சிலிருந்து வரும் விசில் சத்தம் மட்டும் கேட்டது. சிவப்பு நடன உடைக்குள் விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கின.

ஜிபர்குல் குழந்தைகளைத் திரட்டிக்கொண்டு கம்பளிக் கூடாரத்துக்குள் போனாள். மெத்தைகளிலிருந்து காற்றுமானியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஸெஸிமைத் தோரில் உட்கார வைத்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டார்கள். ஒருத்தி குதிரைப்பாலைக் குடித்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த டொக்டோபொலோத் கூடார வாசலில் திகைத்து நின்றார். "ஐயோ, விருந்தாளி உக்கார்ற எடம்! எழுப்பு எழுப்பு! கார் வந்திருச்சு, வாசல்ல ஆளே இல்ல!"

"பசங்க வர மாட்டாங்க அண்ணே," என்றாள் மெதுவாக. அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அப்ப அமைச்சரை யாரு வரவேற்கிறது?"

அவள் காற்றுமானியை எடுத்து, இரண்டு கைகளாலும், முறைப்படி, அவரிடம் நீட்டினாள்.

"இவரைக் கூட்டிட்டுப் போங்க. இவருக்கு நுரையீரல் கிடையாது."