கோடி வருசம் அண்ணாச்சியும் டைனோசர் முட்டையும்

அவசரம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரோடு நான் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கோவில்பட்டியில் அவர் பெயர் கோடி வருசம். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைப் படிக்கும்போது வாத்தியார்களே இது யார் என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் சேர்ந்தது பூகோளப் பட்டப்படிப்பு. முதல் வருடத்தில் ஜியாலஜி என்று ஒரு துணைப் பாடம் உண்டு. பாறை, மண், பூமியின் வயசு என்று போகும். பாஸ் மார்க் வாங்கினால் போதும் என்று நாங்கள் எல்லோரும் தூங்கி வழிந்த பாடம் அது. பதினெட்டு வயதுப் பயல்களுக்கு நடுவில், இருபத்து நாலு வயதில், அடர்ந்த மீசையோடு அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். முதல் நாள் அவரை வாத்தியார் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

அவருடைய அப்பாவுக்குக் கடைவீதியில் கடலைமிட்டாய்க் கடை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மகனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். ஆறு வருடம் கடலைமிட்டாய் எடை போட்ட பிறகு, சாப்பிடாமல் கிடந்து சண்டை போட்டு, அண்ணாச்சி கல்லூரிக்கு வந்திருந்தார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார்.

"படி. வேண்டாங்கல. ஆனா காலேஜ்ல இருந்து ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே சட்டையக் கழட்டிட்டு கல்லாவுல வந்து ஒக்காந்துரணும்."

ஜியாலஜி சார் முதல் வகுப்பில் கரும்பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கோடு போட்டார். இதுதான் பூமியின் வயசு என்றார். கோட்டின் கடைசியில் சாக்பீஸ் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மனிதன் பிறந்து இன்று வரைக்கும் ஆன காலம் அந்தத் தூள் அளவுகூட இல்லை என்றார். நாங்கள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டோம். அண்ணாச்சி மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். அன்றோடு ஆள் கோடி வருடக் கணக்குக்குள் போயே போய்விட்டார்.

மறுநாள் தாமதமாக வந்தவரைப் பிரின்சிபால் வராந்தாவில் மடக்கினார்.

"மணி என்னாகுது தெரியுமா?"

"சார், பூமி நானூத்தம்பது கோடி வருசமா சுத்திக்கிட்டு இருக்கு. அதுல பத்து நிமிசத்தை எங்கன சார் போயித் தேடுதது?"

பிரின்சிபால் தன் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். உள்ளே போ என்று கை காட்டிவிட்டார்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் எங்களோடு சாப்பிட வருவார். பாறையின் கடினத்தை எப்படிச் சோதிப்பது என்று சார் நடத்திய வாரம், அண்ணாச்சி இட்லியை நகத்தால் கீறினார். பிறகு காசை எடுத்துக் கீறினார். "நகத்துக்கு மசியல, காசுக்கு மசியுது. சந்தேகமே இல்ல, கால்சைட்டு" என்று சத்தமாக அறிவித்தார். மெஸ் மாஸ்டர் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. எங்கள் வகுப்பில் ஒருவன் காதலில் தவித்தபோது, "இமயமலையே வருசத்துக்கு ஏதோ கொஞ்சூண்டுதாம்லே வளருது. அந்தப் பிள்ளை மனசு மாற நீ பொறுக்க மாட்டியா?" என்று தேற்றினார். அவனும் நம்பிப் பொறுத்தான். அடுத்த மாதமே அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வந்தது.

இதெல்லாம் சில்லறை. பெரிய கதை மார்கழியில் நடந்தது.

மழையில் ஓடைக்கரைகள் அறுத்துக்கொண்டு போயிருக்கும், மண்ணடுக்கு நன்றாகத் தெரியும், போய்ப் பாருங்கள் என்று சார் போகிற போக்கில் சொல்லியிருந்தார். போனது அண்ணாச்சி ஒருவர்தான். துணைக்கு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். எப்போதும்வென்றான் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அடிக்க வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். ஈரக் கரிசலில் நாலு எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைத்தது. அதை வழித்து எறிந்துகொண்டிருந்தபோது அண்ணாச்சியின் அலறல் கேட்டது.

ஓடைக்கரையில், மண்ணுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு கல். முட்டை மாதிரி உருண்டு திரண்டு, மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அரியலூர்ப் பக்கம் டைனோசர் காலத்து மிச்சமெல்லாம் கிடைக்கும் என்று சார் வகுப்பில் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்கு அது போதாதா?

"ஏலே, முட்டைலே! ஆறரைக் கோடி வருசத்துக்கு முந்தி இட்டுட்டுப் போயிருக்கு. இன்னும் அப்படியே கெடக்கு பாரு."

"அண்ணாச்சி, இவ்வளவு பெரிசா?"

"போட்டது கோழியா?"

கருவேல முள்ளை வெட்டிப் போட்டு மூடிவிட்டு வந்தோம். மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸைப் பிடித்து மறுபடியும் போய் நின்றோம். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினால் கல் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் வேன் வந்தது. அண்ணாச்சி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார். டிரைவருக்கும் வேனில் இருந்த எல்லோருக்கும் கடலைமிட்டாய் விநியோகம் ஆனது. கல்லைக் கல்லூரி வரை கொண்டுபோக வேண்டும் என்று கெஞ்சினார்.

"இவ்வளவுதானா? ஏட்டி, அந்தப் பலகைய எடு" என்றார் முன்சீட்டில் இருந்த ஒரு அக்கா. நாலு பெண்கள் இறங்கினார்கள். பலகையைச் சரித்து வைத்து, பழைய சேலை ஒன்றைச் சும்மாடாகச் சுருட்டிக் கல்லுக்கு அண்டை கொடுத்து, பேச்சை நிறுத்தாமலேயே உருட்டி ஏற்றிவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல்லூரியில் சார் முதலில் நம்பவில்லை. முட்டை ஓடு என்றால் சுண்ணாம்பு, ஆசிட் விட்டால் நுரைக்கும் என்று சொல்லி ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது! சார் நம்பாமல் இன்னொரு சொட்டும் விட்டுப் பார்த்தார். பிரின்சிபால் ஓடிவந்தார். ராத்திரியோடு ராத்திரியாகக் கல் அவர் அறையில் மேஜைக்குப் போய், அதற்குக் கீழே பட்டுத்துணியும் விரிக்கப்பட்டது. மூன்றாம் நாள் பேப்பரில், முட்டையின் மேல் கை வைத்தபடி பிரின்சிபாலும், ஓரத்தில் பாதி மீசையோடு அண்ணாச்சியும் வந்தார்கள்.

நாலாம் நாள் ஒரு லாரி ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

முன்னால் வந்தவர் முறுக்கு மீசைப் பெரியவர். அந்த ஊரின் தலைவர். நேராக மேஜைக்குப் போய்க் கல்லைக் கட்டிப் பிடித்தார்.

"முட்டையாம்லா முட்டை! எங்க ஊரு எளவட்டக் கல்லைத் தூக்கியாந்து வச்சிக்கிட்டு படமா பிடிக்கிய? இந்தா, இந்தப் பள்ளத்தைப் பாருங்க. எங்க அய்யா கை குடுத்துத் தூக்குன எடம்."

கல்யாணமாகாத இளவட்டங்கள் பொங்கலன்று தூக்கித் தோளில் வைத்துக் காட்டுகிற கல் அது. தூக்கியவனுக்குத்தான் பெண் என்று அந்தக் காலத்தில் பேச்சு. பல வருடமாக அதை யாரும் தொடவில்லை. ஓடைப்பக்கம் உருண்டுபோய் மண்ணில் புதைந்ததைத் தேடவும் இல்லை. பேப்பரில் படம் வந்த பிறகுதான் கல்லைக் காணோம் என்பதே ஊருக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

சார் கத்தியால் மேலே இருந்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டினார். உள்ளே கருநீலமாகப் பாறை மினுங்கியது. அதில் ஆசிட்டை விட்டார். ஒரு சத்தமும் இல்லை. கரிசல் மண்ணில் இருக்கும் சுண்ணாம்பு, கல் புதைந்து கிடந்த வருடங்களில் மேலே படிந்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. சார் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரின்சிபாலின் முகம் சிவந்தது. அண்ணாச்சி மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"சார், அப்ப இதுக்கு என்ன வயசு?"

"நூறு கோடிக்கு மேல இருக்கும்ப்பா. இப்ப அதுவா முக்கியம்?"

"முட்டைன்னா ஆறரைக் கோடிதான். இது நூறு கோடி! நமக்கு லாபம்தானே சார்?"

பிரின்சிபால் அந்த இடத்திலேயே டி.சி. எழுதச் சொல்லிவிட்டார். அப்பா கேட்டிருந்த ஒரே ஒரு புகார் லாரியிலேயே வந்து இறங்கிவிட்டது. அண்ணாச்சியின் மீசை தொங்கியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். "ஆறு வருசம் அந்தக் கல்லாவுல இருந்தேம்லே. மறுபடியும் அங்கன போயி ஒக்கார முடியாதுலே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த முகத்தைப் பார்த்துப் பெரியவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"படிக்கிற பிள்ளையை வெரட்ட வேண்டாம் சார். கல்லை எடுத்தவன், பொங்கலன்னைக்கு ரோட்டுல இருந்து கோயில் வரைக்கும் கல்லைக் கொண்டாந்து சேக்கட்டும். சேத்துட்டா எங்களுக்கு ஒரு புகாரும் கெடையாது."

சேர்த்தால் படிப்பு, சேர்க்காவிட்டால் டி.சி. என்றார் பிரின்சிபால்.

மறுநாள் முதல் அண்ணாச்சி பயிற்சியில் இறங்கினார். பயிற்சிக்கு அப்பா கடையை விட்டால் வேறு இடம் ஏது? விடிகாலையில் போய் நிலக்கடலை மூட்டைகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்குவார். பிறகு அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு. டி.சி. விவகாரம் எதுவும் தெரியாத அப்பா, வாடிக்கையாளர்களிடம் கண் கலங்கினாராம். "எம் மவனுக்குக் கடை மேல பிரியம் வந்துட்டுது. வெவரம் தெரிஞ்சிட்டுது."

பொங்கலன்று லோடு வேனில் கல்லை ஏற்றிக்கொண்டு போனோம். ரோட்டோரத்தில் இறக்கினோம். கோயில் கூப்பிடு தூரம்தான். ஊரே கூடியிருந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். கல்லைக் கட்டிப் பிடித்தார். முக்கினார், முனகினார். சட்டை முதுகில் டர்ரென்று கிழிந்தது. கல் அசையவில்லை. இளவட்டங்கள் விசிலடித்தார்கள்.

"சிரிக்கிய இல்ல, நீங்க வந்து தூக்குங்கல பாப்போம்" என்றார் பெரியவர்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசில் நின்றுவிட்டது. அண்ணாச்சி கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அதன் மேல் கை வைத்தார். தோற்றுவிட்டது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயோ என்னவோ, பேச ஆரம்பித்தார்.

"இது பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல வெந்த கல்லு பெரியவரே. அப்ப மரம் கெடையாது, புல்லு கெடையாது, மீனு கெடையாது. டைனோசர் வந்துச்சு, போச்சு. இது இருந்துச்சு. உங்க அய்யா இதைத் தூக்குனாவ பாத்தியளா, நூறு கோடி வருசத்தையும் சேத்துத்தான் தோள்ல வச்சிருக்காவ."

பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் சரிசெய்துகொண்டார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஹாரன் கேட்டது. பொங்கலுக்கு உறவுக்காரர் வீடுகளுக்குப் போக, தீப்பெட்டி ஆபீஸ் வேனையே பேசிப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"அது நம்ம மிட்டாய் அண்ணாச்சிலா! அதே கல்லுதானே? என்ன, திருப்பி வைக்கணுமா?"

அதே நாலு பேர் இறங்கினார்கள். அதே பலகை. பொங்கல் பட்டுச்சேலைக்குப் பங்கம் வராமல், ஆளுக்கொரு பக்கம் அண்டை கொடுத்து, யாருக்கு என்ன மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே கல்லைக் கோயில் வாசல் வரை உருட்டி, நிமிர்த்தி வைத்தார்கள். முன்சீட்டு அக்கா கையைத் தட்டிக்கொண்டு இளவட்டங்களைப் பார்த்தார்.

"இதைத் தூக்குனாப் பொண்ணு குடுப்பியளாமே? எங்களுக்கு என்ன குடுப்பிய?"

ஊர் வெடித்துச் சிரித்தது. பெரியவர் சிரித்துச் சிரித்துக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். முகத்தில் மண், முதுகில் கிழிசல்.

"நான் தூக்கல பெரியவரே."

"நீ தூக்கணும்னா சொன்னேன்? கொண்டாந்து சேக்கணும்னுதானே சொன்னேன். கல்லு வந்துட்டுது. போயிப் படி போ."

அடுத்த திங்கட்கிழமை சார் வருகை எடுத்தார். பதிவேட்டில் அண்ணாச்சியின் பெயர் வந்ததும் சற்று நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். "உள்ளேன் ஐயா" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வகுப்பு மொத்தமும் மேஜையைத் தட்டியது. தட்டாதே என்று சொல்ல வேண்டிய சாரும் புன்னகையோடு குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி படித்து முடித்தார். ஆனால் கடைசியில் கடையைத்தான் பார்க்கிறார். இந்த முறை தானாகவே போய் உட்கார்ந்தார், அதனால் வருத்தமில்லை என்கிறார். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறையப் பாறைத் துண்டுகள். பக்கத்து அலமாரியில் கடலைமிட்டாய். எதைக் கடிப்பது என்று பார்த்துத்தான் கடிக்க வேண்டும். நான் வேலைக்கு வெளியூர் போனவன், அவரைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. போன மாதம் திடீரென்று போன் வந்தது.

"ஏலே, நம்ம கல்லு மறுபடியும் கோயில் வாசல்ல மண்ணுக்குள்ள எறங்குது. போயிப் பாத்துட்டு வருவமா?"

"எப்ப வரட்டும் அண்ணாச்சி?"

"ஒண்ணும் அவசரமில்ல. ஒரு கோடி வருசத்துக்குள்ள வந்தாப் போதும்."

எனக்கு அவ்வளவு நாள் தாங்காது. மறுநாள் காலையிலேயே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.