சல்லடை மெஷின் காலும் என் டிஜே மேசையும்

நான் ஒரு காலத்தில் டிஜேவாக இருந்தேன். மொத்தம் நாற்பது நிமிடம். அதில் கால் மணி நேரம் மேசைக்கு அடியில் இருந்தேன்.

இதை நானாக வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சரோஜா சொல்லிவிடுவாள், அதுவும் கை காலெல்லாம் ஆட்டி நடித்துக் காட்டிச் சொல்லுவாள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. நீலகிரியில் எங்கள் மஞ்சூர்ப் பக்கம் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று ஆளாளுக்குச் செடியை அப்படியே விட்டுவிட, அது பாட்டுக்கு மரமாக வளர்ந்துகொண்டிருந்தது. இலை வராமல் எதற்கு ஓட்டுவது என்று எங்கள் ஃபேக்டரி முதலாளியும் கதவைச் சாத்தினார். அங்கே காய்ந்த தேயிலையைத் தரம் பிரிக்கும் சல்லடை ரூமில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். (இந்தப் பதினோரு வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்ட உதவும்.) அக்கம்பக்கத்து ஆண்கள் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். என் மகள் கவிதா அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குன்னூரில் ஒரு ஹோட்டலில் பாட்டுப் போடுவது சிடிக்கு மாறியது. அங்கே வேலை பார்த்த என் சிநேகிதன், மூலையில் கிடந்த, இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்சர், ஒரு பெட்டி இசைத்தட்டு எல்லாவற்றையும் என் தலையில் கட்டினான். அன்றைக்கே நான் டிஜே ஆகிவிட்டேன், மனதுக்குள். குன்னூரில் புதிதாக வந்திருந்த ஒரு ரிசார்ட்டின் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். சீசன் முழுக்க சனி, ஞாயிறு ஆள் வேண்டும், ஆனால் வேலையை நேரில் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றார். சரோஜாவின் தம்பி செல்வராஜுக்கு அடுத்த மாதம் கல்யாணம். “அங்கயே வந்து பாருங்க சார்” என்று அழைத்துவிட்டு வந்தேன். அவர் சரி என்றால் மலையில் இருப்பேன், இல்லையென்றால் திருப்பூர். விஷயம் அவ்வளவுதான்.

சிக்கல் மேசையில் வந்தது. இசைத்தட்டின் ஊசி இருக்கிறதே, அதைப் போல ஒரு தொட்டாற்சிணுங்கியை நான் பார்த்ததில்லை. தையல் மெஷின் மேசையில் வைத்தேன். சரோஜா சமையல்கட்டில் தேங்காய் உடைத்தாள், ஊசி பல்லவியிலிருந்து சரணத்துக்குத் தாவியது. கட்டிலில் வைத்தேன். கவிதா கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றதற்கே பாட்டு முடிந்துவிட்டது.

அசைக்க முடியாத மேசை வேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தவனுக்குச் சல்லடை மெஷினின் ஸ்டேண்டு ஞாபகம் வந்தது. முப்பது வருடம் அவ்வளவு பெரிய மெஷினைத் தாங்கிய ஸ்டேண்டு! முதலாளியிடம் கேட்டேன். “மோட்டாரைக் கழட்டி வெச்சுட்டு, ஸ்டேண்டை எடுத்துட்டுப் போப்பா, இனி அது எனக்கெதுக்கு?” என்றார். நாலு பேர் தூக்கி ஜீப்பில் போட்டு வந்தோம். மேலே பிளைவுட் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசினேன். நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். செல்வராஜும் ஏறினான். எங்கள் இருவரோடு நாலு அரிசி மூட்டையும் ஏற்றினோம். ஒரு கிரீச் இல்லை.

சரோஜா இடுப்பில் குழந்தையோடு வந்து பார்த்தாள்.

“ஏனுங்க, இது நம்ம சல்லடை ஸ்டேண்டுங்களே?”

“ஆமா. தேக்கு மாதிரி நிக்குது பாரு.”

“அது குலுங்கறதுக்குன்னே பண்ணுனதுங்க.”

“குலுக்கறது மோட்டாரு. அதைத்தான் கழட்டியாச்சில்ல?”

“எனக்கென்னமோ சரியாப் படலீங்க.”

“பதினோரு வருசம் அந்த ரூம்ல நின்னவன் நானா, நீயா?”

“நானுந்தானுங்க நின்னேன்” என்றாள். (நின்றாள்தான். எனக்கு இரண்டடி தள்ளி, கழிவு பொறுக்கும் இடத்தில். எங்கள் கல்யாணமே அந்த ரூமில் முடிவானதுதான்.)

அந்த ஸ்டேண்டின் கால்கள் ஒரே கட்டையில் செய்த கால்கள் அல்ல. பட்டைப் பட்டையாக மரத்தை அடுக்கி போல்ட் போட்டவை. மேலிருந்து எவ்வளவு எடை வைத்தாலும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் வளைந்து திரும்பும். அப்படி வளைந்தால்தான் சல்லடை வேலை செய்யும். இது எனக்குத் தெரியாதா? தெரியும்! மேலே ஏறி உட்கார்ந்த மடையன், பக்கவாட்டில் ஒரே ஒரு தள்ளு தள்ளிப் பார்த்திருக்கக் கூடாதா?

முகூர்த்தம் முடிந்து மதியம் ரிசப்ஷன். சமுதாயக்கூடத்தில் மரப்பலகைத் தளம். முதல் வரிசையில் மேனேஜர். நான் இரவல் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால். (வெளியே மஞ்சு இறங்கி ஒரே பனிமூட்டம், எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. இதில் எனக்குக் கறுப்புக் கண்ணாடி.) ஒரு பாட்டுப் போட்டேன், பிரமாதமாகப் பாடியது. இன்னும் இரண்டு போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். மேனேஜர் தலையசைத்தார். நான் சரோஜாவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்போது செல்வராஜின் படுகர் சிநேகிதர்கள் எழுந்து வட்டம் கட்டினார்கள். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் அவர்களோடு சேர்ந்து எல்லோருமே ஆடுவது வழக்கம். மாப்பிள்ளை, பொண்ணு, மாமன், அத்தை எல்லோரும் வட்டத்தில் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் ஒரே தாளத்தில், ஒரே காலை எடுத்து ஒரே நேரத்தில் வைத்தார்கள். மூன்றாவது சுற்றில் என் மேசைக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. நாலு விரல் இந்தப் பக்கம், நாலு விரல் அந்தப் பக்கம் என்று ஆட ஆரம்பித்தது. மேலே இரண்டு கிலோ தேயிலையைக் கொட்டியிருந்தால் தூள் வேறு, இலை வேறு என்று பிரித்துக் கொடுத்திருக்கும்.

ஊசி தாவியது. ஜோடிப் பாட்டிலிருந்து, தாயை இழந்த பிள்ளை அழும் பாட்டுக்குப் போய் விழுந்தது.

“ஏனப்பா, கல்யாணத்துல போடற பாட்டா இது?” என்று பொண்ணின் அப்பா ஓடி வந்தார்.

“காலைப் புடிங்க மாமா!” என்றேன் நான்.

அவர் பயந்துபோய் என் காலைப் பார்த்தார். மேசைக் காலைக் காட்டினேன். பட்டு வேட்டியோடு அந்த மனுஷர் குந்தி உட்கார்ந்து ஒரு காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எதிர்க் காலை நான் பிடித்தேன். மிச்சம் இரண்டுக்கும் யார் யாரோ வந்தார்கள். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து குலுங்கினோமே தவிர, மேசை நிற்கவில்லை. மேலே பாட்டு விக்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு வந்த எரிச்சலில் மேசைக்கு அடியிலிருந்தே கையை நீட்டி மைக்கை எடுத்தேன். எடுத்துச் சொன்னேன்:

“தயவுசெய்து யாரும் ஆட வேண்டாம்!”

கூடமே அப்படியே நின்றது. தூக்கிய காலை இறக்கலாமா என்று தெரியாமல் சிலர் ஒற்றைக் காலில் நின்றார்கள். மேசை நின்றது. தாவித் தாவி ஊசி ஜோடிப் பாட்டுக்கே திரும்பியிருக்க, பாட்டு மட்டும் தேனாக ஓடியது. இருநூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு, இரங்கல் கூட்டத்தில் நிற்பதைப் போலக் காதல் பாட்டுக் கேட்டார்கள்.

மேனேஜர் குனிந்து மேசைக்கு அடியில் என்னைப் பார்த்தார். “பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எங்க கெஸ்ட் ஆடறதுக்குத்தான் வர்றாங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். அதற்குமேல் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. கை தட்டி, வாயாலேயே பாடிக்கொண்டு சாயங்காலம்வரை ஆடினார்கள். அந்தக் கல்யாணத்தைப் போல ஒரு கல்யாணம் நடந்ததில்லை என்று இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். கவிதா முதல் அடி எடுத்து வைத்ததை சரோஜா பக்கத்து வீட்டு போனில் சொன்னாள். “மேசையைப் புடிச்சுட்டுத்தானுங்க நின்னா. அது குலுங்குச்சா, பட்டுனு கையை உட்டுட்டு நடந்துட்டா” என்று சிரித்தாள். நான் பூத்தில் நின்று அழுதேன். அந்த மேசையை உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்னேன், அவள் வைக்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. ஆறு வருடம் கழித்து ஃபேக்டரி திறந்தபோது அதே ஸ்டேண்டை எடுத்துப் போய் மோட்டாரை மாட்டினோம். ஒரு குறை சொல்ல முடியாத ஸ்டேண்டு.

போன தையில் கவிதாவுக்குக் கல்யாணம். கோயமுத்தூரிலிருந்து டிஜே வந்திருந்தார். லேப்டாப்தான், ஊசியெல்லாம் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் போய், அவர் மேசையைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நிம்மதியாகத் திரும்பினால், எனக்குப் பின்னால் மைக்கோடு சரோஜா நிற்கிறாள்.

“எல்லாருங் கேட்டுக்கங்க. எங்க ஊட்டுக்காரர் மேசையைச் சோதிச்சுட்டாருங்க. இனி எல்லாரும் ஆடலாமுங்க!”

அன்றைக்கு என்னோடு மேசைக் காலைப் பிடித்த செல்வராஜின் மாமனார்தான் முதலில் எழுந்தார். இரண்டாவதாக எழுந்த கல்யாணப் பொண்ணு, நேராக வந்து என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள்.